கேரவன் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

ஈஸ்டர் விடுமுறைக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் முன்னால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, கேரவனும் (காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) கூடாரமும் பற்றியவைதான். இந்த முறை கண்காட்சியைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஜோஹானஸ்பர்க்கில் நடக்கும் கேரவன், கேம்பிங் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போய்வர நினைக்கிறோம். காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? படம், வீடியோ எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். டர்பனிலிருந்து போக ஏறக்குறைய 570 கிலோமீட்டர், திரும்பி வரவும் அவ்வளவு. 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கிற வண்டி என்றால் பெட்ரோலே நூறு லிட்டரைத் தாண்டும். என்3 சாலையில் மரியன்ஹில், மூய் ரிவர், துகேலா, வில்கே, டி ஹூக் என ஐந்து சுங்கச்சாவடிகள், வரும்போதும் அவையே. ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் நுழைவுக் கட்டணம் சில்லறைக் காசு. ஆகவே டிக்கெட் பெறுமா என்பதைவிட, அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறதா என்றுதான் யோசிக்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்குள் கேரவனோ டிரெய்லரோ வாங்கப் போகிறீர்கள், மூன்று நான்கு மாடல்களுக்கு நடுவே மனம் ஊசலாடுகிறது என்றால் போங்கள். டர்பனில் ஒரு கடை ஒன்றிரண்டு கம்பெனி வண்டிகளைத்தான் வைத்திருக்கும். கண்காட்சியில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நிற்கும். ஒன்றிலிருந்து இறங்கி இருபதடி நடந்து அடுத்ததில் ஏறலாம். போனில் பார்க்க முடியாதது அதுதான். அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் அலமாரி அளவுள்ள குளியலறைகூட அரண்மனை மாதிரி தெரியும்.

ஏறியதும் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆறடி ஆள் படுக்க 1.90 மீட்டராவது வேண்டும். பல வண்டிகளில் மூலை வெட்டிய மெத்தை இருக்கும், அதில் ஒருவர் கால் தொங்கும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து நிமிருங்கள். நான்கு பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மேஜையா என்று நான்கு பேரும் உட்கார்ந்தே பாருங்கள். அடுப்பின் நடுப் பர்னரில் உங்கள் வீட்டுப் பிரியாணிச் சட்டி உட்காருமா? சட்டியின் விட்டத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கேரவன் அடுப்புகள் சிறு பாத்திரத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. அகலச் சட்டி வைத்தால் பக்கத்துப் பர்னரை மூடிவிடும், சுவர்ப் பலகையும் சூடேறும்.

பிறகு வெளியே வந்து தரையில் மண்டியிட்டு அடிப்பக்கம் பாருங்கள். நம்மைப் போலக் கடலோரம் நிறுத்தி வைப்பவர்களுக்கு, அடியில் உள்ள இரும்புச் சட்டம் (சேசிஸ்) முழுவதும் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, வெறும் பெயின்ட்டா என்பது மெத்தையின் நிறத்தைவிட முக்கியம். பெயின்ட் அடித்த சட்டத்தில் வெல்டிங் செய்த இடங்களைத்தான் உப்புக்காற்று முதலில் அரிக்கும்.

வாங்கும் எண்ணமே இல்லாமல் பொழுதுபோக்காகப் போக வேண்டுமா? டர்பன் எக்சிபிஷன் சென்டரில் ஏதாவது நடந்தால் போய் வாருங்கள், அரை நாள் நன்றாகவே கழியும். ஆனால் அதற்காக ஜோஹானஸ்பர்க் வழியிலுள்ள வான் ரீனன் கணவாய் ஏறிப் போகாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக் கடற்கரை ஊரான ஸ்காட்பரோ பக்கம் இரண்டு ராத்திரி தங்கினால், பத்துக் கண்காட்சி சொல்லாததை அது சொல்லும். தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம்மவர் வீடுகளில் கேரவன் அனுபவம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்ததில்லை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து 1953இல் வந்த தனி வசதிச் சட்டம் 1990இல் நீக்கப்படும்வரை நல்ல கடற்கரை முகாம்களில் பெரும்பாலானவை நமக்கு மூடியே கிடந்தன. கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பழகுவது இரட்டிப்புப் பயன்.

போன கண்காட்சியில் நான்கு பேர் படுக்கும் கேரவன் ஒன்றைப் பார்த்தோம். வெற்று எடை 1,180 கிலோ, மொத்த எடை வரம்பு 1,400 கிலோ. "உங்கள் கார் தாராளமாக இழுக்கும், கண்காட்சி விலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது" என்று விற்பனையாளர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
– வாசகர், டோங்காட்

கட்டாதீர்கள், இன்னும் கட்டாதீர்கள். முதலில் அந்த இரண்டு எண்களைக் கழியுங்கள்: 220 கிலோ. நீங்கள் ஏற்றக்கூடியது அவ்வளவுதான். கண்காட்சியில் நிற்பது காலி வண்டி என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் கட்டும் கூடாரம் கம்பிகளோடு 40 கிலோ. 5 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, இரும்பையும் சேர்த்து 23. தண்ணீர்த் தொட்டியில் 50 லிட்டர் என்றால் 50 கிலோ. ஈயப் பேட்டரி 27. ஃபிரிட்ஜுக்குள் இருப்பது 20. நாற்காலி நான்கு, 16. சட்டி பானை, பிராய் (கரியடுப்பில் இறைச்சி சுடும்) சாமான் 25. கூட்டினால் 201. நான்கு பேரின் துணிக்கும் போர்வைக்கும் சேர்த்து மிச்சம் 19 கிலோ! விற்பனையாளர் ஏர்கண்டிஷனரும் பொருத்தித் தருகிறேன் என்றால் அந்த மிச்சமும் போய்க் கடனாகிவிடும். தண்ணீரை முகாமில் நிரப்பிக்கொள்ளலாம், காலித் தொட்டியோடு ஓட்டலாம். அப்போதும் இறுக்கம்தான்.

அடுத்து உங்கள் லைசென்ஸ் அட்டை. அதில் வெறும் பி என்று இருந்தால் மொத்த எடை வரம்பு 750 கிலோ வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். அதற்கு மேல் என்றால் ஈபி இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டிப் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவது பிரேக். இங்கே விற்கும் கேரவன்களில் பெரும்பாலும் ஓவர்ரன் பிரேக்தான்: முன்னால் போகும் கார் வேகம் குறைத்ததும் கேரவன் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்தும். இந்த வகைப் பிரேக் உள்ள கேரவனின் மொத்த எடை வரம்பு, இழுக்கும் வண்டியின் வெற்று எடையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஓட்டுநரே இயக்கும் பிரேக் வேண்டும். உங்கள் காரின் வெற்று எடை 1,400 கிலோவா? கதவோரத் தகட்டிலோ உரிமையாளர் கையேட்டிலோ பாருங்கள். சிறு செடான் கார்கள் பல அந்த அளவை எட்டாது. டபுள்கேப் பக்கி (இரட்டை வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டி) எட்டும்.

"தாராளமாக இழுக்கும்" என்ற பேச்சுக்கும் ஓர் எச்சரிக்கை. டர்போ இல்லாத எஞ்சின், உயரம் 100 மீட்டர் கூடினால் சுமார் ஒரு சதவீத சக்தியை இழக்கும். ஜோஹானஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரம். டர்பனில் சிட்டாகப் பறக்கும் கார் அங்கே ஆறில் ஒரு பங்கு பலம் குறைந்து நிற்கும், அதுவும் பின்னால் 1,400 கிலோவோடு.

இதெல்லாம் சரியாக வந்தால், காரின் பின்னால் கேரவனை மாட்டும் டோபாரின் மீது கேரவன் மூக்கு அழுத்தும் எடையைக் கேளுங்கள். ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் நல்லது; 1,400க்கு 70 முதல் 98 கிலோ. டோபாரின் தகட்டில் உள்ள வரம்பு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். மூக்கு லேசாக இருந்தால்தான் பாம்பு மாதிரி ஆட்டம் கொடுக்கும். இறக்கத்தில் வேகம் கூடக்கூட அது அடங்காது. பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டும் உதிரிச் சாமானும் ஏற்றுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

விலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதா? எழுத்தில் விலைப்பட்டியல் கேளுங்கள்: அடிப்படை விலை, 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி), டெலிவரி, பதிவு, நம்பர் பிளேட், சேர்த்த பொருள்கள், ஒவ்வொன்றும் தனி வரியில். அதைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை போன் செய்து பாருங்கள். அதே விலைக்குப் பல சமயம் ஆள் மடங்குவார். மடங்காவிட்டாலும், ஏற்ற முடியாத வண்டியைத் தள்ளுபடியில் வாங்காமல் தப்பித்தீர்கள்.

என் கணவர் கண்காட்சியிலேயே ஐந்து வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் பலூன் தொகை வேறு. மூன்று நாள்தான் ஆகிறது. திருப்ப முடியுமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

முடியும், ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டும். தேசியக் கடன் சட்டத்தின் 121ஆம் பிரிவு, கடன் கொடுப்பவரின் பதிவு பெற்ற வணிக இடத்துக்கு வெளியே கையெழுத்தான தவணை ஒப்பந்தத்தையும் குத்தகை ஒப்பந்தத்தையும், கையெழுத்திட்ட நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. கண்காட்சி அரங்கம் பொதுவாக அப்படிப்பட்ட வெளியிடம்தான். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை வேலை நாளில் சேராது. வாயால் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள முறைப்படி எழுத்தில், கடன் கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்புங்கள். விற்றவருக்கு ஒரு நகல். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்; எடுத்துப்போகும் செலவும் பயன்படுத்தியதற்கு நியாயமான வாடகையும் கடன் கொடுத்தவர் உங்களிடம் கேட்கலாம். வராத வண்டியென்றால் தலைவலி குறைவு.

ரொக்கமாகக் கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஐந்து வேலை நாள் உண்டு, ஆனால் அது விற்பவர் நம்மைத் தேடிவந்து விற்ற வியாபாரத்துக்கு. நாமே டிக்கெட் வாங்கி உள்ளே போயிருக்கிறோமே என்று எதிர்த்தரப்பு வாதாடும்; அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பொருள் பழுதானால் கதை வேறு. ஆறு மாதத்துக்குள் பழுதுபார்ப்பு, மாற்று, பணம் திரும்ப என்ற மூன்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்கு ரசீதில் கடையின் நிலையான முகவரி இருக்க வேண்டும். ஞாயிறு மாலை மேஜையை மடித்துக்கொண்டு போகிறவரை எங்கே தேடுவீர்கள்?

பலூனைப் பற்றி: மாதத் தவணை சின்னதாகத் தெரிவதற்காகக் கடைசியில் தள்ளி வைத்த கடன் அது. ஐந்தாவது வருஷம் கேரவனின் விலை குறைந்திருக்கும், பலூன் குறைந்திருக்காது.

கண்காட்சியில் லித்தியம் பேட்டரி, மடக்கும் சோலார் பேனல் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார்களே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) காலத்தில் கண்டவரும் இறக்குமதி செய்த சரக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்லதும் இருக்கும். ஆனால் அரங்கில் சோதிக்கும் கருவி இருக்காது, தராசும் அளவு நாடாவும்தான் நமக்குத் துணை.

பேட்டரியைத் தூக்கிப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 10 முதல் 13 கிலோ இருக்கும். மேலே 100 என்று எழுதி ஆறு கிலோ காட்டினால் உள்ளே 100 இல்லை. சோலார் பேனலை விரித்து நீள அகலம் அளக்கவும். நல்ல பேனல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் தரும். 1.2 மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் விரியும் ஒன்றில் 400 வாட் என்று அச்சடித்திருந்தால், பாதியைத் தள்ளுபடியாக நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

தேவையைக் கணக்கிட்டுவிட்டுப் போவது நல்லது. 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் ஊர்க் கோடையில் நாளைக்கு 30 முதல் 40 ஆம்பியர்-ஹவர் இழுக்கும். ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். 100இல் 50, ஒரு நாளும் கொஞ்சமும். லித்தியத்தில் 80க்கு மேல் எடுக்கலாம், இரண்டு நாள். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம், இழப்பு போக நாளைக்கு 28 ஆம்பியர்-ஹவர் தரும். ஆகவே 150 வாட்டுக்குக் கீழே போனால் ஃபிரிட்ஜ் பின்தங்கிக்கொண்டே போகும்.

இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். பழைய சார்ஜரை அப்படியே லித்தியத்துக்கு மாட்டுகிறார்கள். பொருந்தாத சார்ஜரால் பேட்டரி நிரம்பாமலே நிற்கும். காரிலிருந்து சார்ஜ் செய்ய, கார் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் தனியே வேண்டும். அடுத்து, லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. ஜூலைக் குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பர்க் மலையின் காலைப் பனியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது இல்லை, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்கிறது. வெயில் ஏறட்டும்.

மாமியாருக்கு முழங்கால் வலி. அவரையும் கண்காட்சிக்குக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, ஸ்டேஞ்சர்

கட்டாயம். வாங்கப்போகும் வண்டியில் அவரும் படுப்பார் என்றால் அவர் ஏறி இறங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். படியின் உயரம், கதவோரக் கைப்பிடி, ராத்திரி பாத்ரூம் போக மற்றவரைத் தாண்ட வேண்டுமா, இந்த மூன்றும் போதும். கார்க் கூரைமேல் விரிக்கும் கூரைக்கூடாரம் எதையும் அவருக்குக் காட்ட வேண்டாம். ஏணியைப் பார்த்ததும் கேரவனே வேண்டாம் என்பார். வெள்ளிக்கிழமை காலை போங்கள், சனிக்கிழமைக் கூட்டத்தில் கட்டிலில் உட்காரக்கூட வரிசை நிற்கும்.

டிராக்கன்ஸ்பர்க்குக்கு ஆகஸ்டில் போக ஐந்து பேர் கூடாரம். கண்காட்சியில் விரித்து வைத்ததில் எதை நம்புவது?
– வாசகர், லெனேசியா

அரங்குக்குள் காற்று அடிக்காது, மழை பெய்யாது. அதனால் எல்லாக் கூடாரமும் அங்கே அழகாகத்தான் நிற்கும். ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கும் காற்று மெல்லிய ஃபைபர் கம்பிகளை முறித்துவிடும். கம்பி அலுமினியமா எஃகா, கயிறு கட்டும் கண்கள் துணியில் தைத்தவையா, பட்டை போட்டு வலுப்படுத்தியவையா என்று பாருங்கள். தரைத்துணியின் நீர்த்தாங்கு அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற எண்) 3,000 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கூடவே வரும் ஆணிகள் பெரும்பாலும் வளைந்துவிடும். 30 சென்டிமீட்டர் எஃகு ஆணி இருபது தனியே வாங்குங்கள், அதை ஹார்டுவேர் கடையிலேயே மலிவாக வாங்கலாம்.

கான்வாஸ் கூடாரம் எடுத்தால் முதல் பயணத்துக்கு முன் வீட்டு முற்றத்தில் விரித்து, தண்ணீர் அடித்து நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை. நூல் ஊறிப் பருத்துத் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் நேரே மழையில் கட்டிவிட்டு "ஒழுகுகிறது" என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் நிறைய. தூங்கும் பையில் மூன்று வெப்ப எண் இருக்கும். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் நம்புங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது செத்துப்போகாமல் இருக்கும் எண், தூங்கும் எண் அல்ல.

பிப்ரவரியில் மகனைப் பார்க்க பர்மிங்காம் போகிறோம். அங்கே பெரிய கண்காட்சி உண்டாமே? மோட்டார்ஹோம் ஒன்று வாங்கிக் கப்பலில் அனுப்பினால் லாபமா?
– வாசகர், வெருலம்

பர்மிங்காம் என்இசி அரங்கில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் கேரவன், மோட்டார்ஹோம் கண்காட்சி நடக்கும்; பர்மிங்காம் இன்டர்நேஷனல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பார்க்கப் போங்கள், வாங்கப் போகாதீர்கள். பழைய வண்டியை இங்கே இறக்க ஐடாக் (சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையம்) அனுமதி வேண்டும். நாடு திரும்பிக் குடியேறுகிறவர், புதிதாகக் குடிவருகிறவர் போன்ற சிலருக்கே அது கிடைக்கும். இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஐரோப்பிய வண்டியை இங்கே பதிய முடியாது, ஆகவே ஜெர்மனியில் மலிவு என்று யாராவது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிரிட்டன் கேரவன்களில் கதவு நமக்கு வேண்டிய இடப்பக்கமே இருப்பதால் உள்ளமைப்பைப் படிக்க அவை நல்ல பாடம். மூக்கு எடை பார்க்கும் சிறு தராசு பெட்டியில் அடங்கும், வாங்கி வரலாம். கேஸ் ரெகுலேட்டரும் குழாயும் வேண்டாம்: இங்கே சாதனங்கள் 2.8 கிலோபாஸ்கல் கேஸ் அழுத்தத்துக்கு அமைந்தவை, சிலிண்டர் வாயும் வேறு.

கண்காட்சிக்குப் போகும்போது கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகர், மெரிபேங்க்

ஐந்து மீட்டர் அளவு நாடா, சின்ன டார்ச், காரின் வெற்று எடையும் டோபார் வரம்பும் எழுதிய காகிதம், கழற்ற எளிதான செருப்பு. பழைய கேரவன்களும் விற்பனைக்கு நிற்கும்; அவற்றின் முன் ஜன்னல் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தி, உள்ளே போனதும் மூக்கால் மோந்து பாருங்கள். பலகை அமுங்கினால், பூஞ்சை வாடை வந்தால், தண்ணீர் இறங்கியிருக்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2317 என்றால் 2017இன் 23ஆவது வாரம் செய்தது. கோடு தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஏழு வருஷம் தாண்டியதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கிரெடிட் கார்டை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் ரொக்கம்.